போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு: நியூ ஜெர்சியில் விருந்து வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். எடிசன், ஐசலின், பிளெயின்ஸ்பரோ, ஜெர்சி சிட்டி என்று நியூ ஜெர்சி முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற எல்லோருக்கும் இந்த மடல். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நிறையப் பேர் புத்தி சொல்லியாயிற்று. நான் எழுதுவது ஊற்றிக் கொடுக்கிற நமக்கு.

பதினோரு வருஷமாக நானும் விருந்து வைக்கிறவன். பேஸ்மென்ட்டில் மேசை, ஐஸ் பெட்டி, மிளகு தூவிய முட்டை, வறுத்த நெத்திலி. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். வாசலில் செருப்புக் குவியலுக்குள் தன் ஷூவைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு." எல்லோரிடமும்தான் சொல்கிறோம். ஆனால் சில பேரிடம் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சொல்கிறோம். ஏன் இரண்டு தடவை என்று நமக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, அப்படி இரண்டு தடவை சொல்லி அனுப்பிய தம்பியிடமிருந்து ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது. "அண்ணா, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்." எங்கள் வீட்டிலிருந்து நான்கு மைல்தான் அவன் வீடு. மறுநாள் காலையில் மகளுக்கு நீச்சல் போட்டி என்பதால் நான் அன்றைக்குத் தொடவில்லை. உடனே கிளம்பினேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போதை இறங்காமல் இவனை நான் வண்டி ஓட்ட விட்டால், அதனால் வரும் வழக்குக்கு நானும் ஆளாகலாம் என்று அதில் எழுதியிருந்தது. வண்டி இன்றைக்குக் கிடையாது, 12 மணி நேரம் கழித்து வாருங்கள் என்றார். உள்ளேயிருந்து தம்பி பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அந்தக் கடைசி ரவுண்டு வேண்டாம்னு சொன்னேன்ல அண்ணா" என்றான். சொன்னான்தான். ஊற்றியது நான்.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 2000 ஜூலையில், கடற்படையில் புதிதாக அதிகாரியான ஜான் எலியட் என்ற இளைஞர், அம்மாவின் பிறந்தநாளுக்காக அனாபொலிஸிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நியூ ஜெர்சியிலேயே இருக்கும் சேலம் கவுண்டியில் எதிரே வந்த வண்டி மோதி இறந்துபோனார். மோதியவரும் இறந்தார். அந்த மனிதரைச் சில மணி நேரம் முன்னால்தான் குடித்துவிட்டு ஓட்டியதற்காகப் போலீஸ் பிடித்து, நண்பர் ஒருவரை வரவழைத்து ஒப்படைத்திருந்தது. நண்பர் அவரை வீட்டில் கொண்டுபோய் விடவில்லை. அவருடைய வண்டி நின்ற இடத்துக்கே கூட்டிப் போனார். 2001-ல் வந்த 'ஜான்ஸ் லா' அதற்குப் பிறகு பிறந்ததுதான். வண்டியை 12 மணி நேரம் வரை பிடித்து வைப்பதும், கூட்டிப்போக வருகிறவரிடம் கையெழுத்து வாங்குவதும் அந்தச் சட்டத்தால் வந்தவை.

அடுத்த வாரமே நம் ஆட்கள் தம்பிக்குச் சொன்ன ஆறுதல், "விடுடா, டிக்கெட்தானே." ஒரு வகையில் உண்மை, அதுதான் ஆபத்து. நியூ ஜெர்சிச் சட்டம் இதைக் கிரிமினல் குற்றம் என்று சொல்வதில்லை. போக்குவரத்து விதிமீறல் என்கிறது. முனிசிபல் கோர்ட்டில் ஒரு நீதிபதி விசாரிப்பார், ஜூரி கிடையாது. ஆனால் அந்த 'டிக்கெட்'டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ரத்தத்தில் மது 0.08 சதவீதம் முதல் 0.10-க்குள் என்றால் முதல் தடவைக்கு 250 முதல் 400 டாலர் அபராதம், 0.10-க்கு மேல் 300 முதல் 500. இந்த எண்ணை மட்டும் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். இதற்கு மேல் வருஷத்துக்கு 1,000 டாலர் வீதம் மூன்று வருஷம் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 30 நாள் வரை ஜெயிலில் போட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கான வகுப்புக்கு 12 முதல் 48 மணி நேரம் போய் உட்கார வேண்டும். இன்ஷூரன்ஸ், வக்கீல் செலவெல்லாம் தனி. பதிவை அழிக்கவும் வழியில்லை.

2019 டிசம்பரிலிருந்து முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு லைசென்ஸை மாதக்கணக்கில் பறிப்பதைக் குறைத்து, வண்டியில் ஊதும் கருவி பொருத்தச் சொல்கிறார்கள்; ஊதினதில் மது இல்லை என்றால்தான் வண்டி கிளம்பும். 0.10-க்குள் என்றால் மூன்று மாதம், அதற்கு மேல் 0.15-க்குள் என்றால் ஏழு மாதம் முதல் ஒரு வருஷம். தம்பிக்கு 0.11, ஏழு மாதம் போட்டார்கள். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வாசலில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து அந்தக் குழாயில் அவன் ஊதியதை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் அது மறுபடி பீப் அடிக்கும், மறுபடி ஊத வேண்டும். பின் சீட்டில் மகளுடைய குழந்தை சீட் இருந்தது. "என்னப்பா ஊதுற?" என்று அவள் கேட்காத நாளே இல்லை என்றான்.

இரண்டாம் தடவை என்றால் 48 மணி நேரத்திலிருந்து 90 நாள் வரை ஜெயில், ஒன்று முதல் இரண்டு வருஷம் லைசென்ஸ் இல்லை. மூன்றாம் தடவைக்கு 180 நாள் ஜெயில், எட்டு வருஷம் லைசென்ஸ் இல்லை. எத்தனையாவது தடவையானாலும், குடித்துவிட்டு ஓட்டியதில் யாராவது செத்துவிட்டால் அது விதிமீறல் இல்லை. ஐந்து முதல் பத்து வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம்.

"ஊரில் 0.03, இங்கே 0.08, நமக்குத் தாராளம்தான்" என்று கணக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 0.08 என்பது அதுவரை குடிக்கலாம் என்ற அனுமதி இல்லை. அதற்குக் கீழே இருந்தாலும், ஓட்டிய விதத்தையும் நடந்த நடையையும் வைத்தே வழக்குப் போட இங்கே வழி உண்டு. ஊத மாட்டேன் என்று மறுத்தால் அது தனி வழக்கு.

விசாவில் இருப்பவர்கள் கதை இன்னும் மோசம். 2015-லிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறை, கடந்த ஐந்து வருஷத்துக்குள் குடித்து ஓட்டியதாக ஒரு கைது இருந்தாலே விசாவை ரத்து செய்யலாம் என்று வைத்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதில்லை. தம்பிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். வெளியே போனால் சென்னையில் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அதற்கு டாக்டரிடம் போய், குடிப் பழக்கம் இல்லை என்று பரிசோதனையும் முடிக்க வேண்டும். எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கரூரில் தன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. முகூர்த்தம் அங்கே காலை ஏழரைக்கு. இங்கே முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, செல்போனில் தாலி கட்டுவதைப் பார்த்தான். அண்ணன் கையால் போட வேண்டிய பொரியைச் சித்தப்பா பையன் போட்டான்.

இனி நம் விஷயம். 1984-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒருவர் நண்பர் வீட்டில் ஓரிரண்டு மணி நேரம் உட்கார்ந்து விஸ்கி குடிக்கிறார். கிளம்பும்போது வீட்டுக்காரர் வண்டி வரைக்கும் வந்து, பேசிவிட்டு, வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருபத்தைந்து நிமிஷம் கழித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க அவர் வீட்டுக்குப் போன் செய்கிறார். மனைவி எடுக்கிறார். நேருக்கு நேர் மோதிவிட்டது என்கிறார். எதிர் வண்டியில் வந்த பெண்ணுக்குப் பலத்த காயம். குடித்தவர் ரத்தத்தில் 0.286. இரண்டு மூன்று கிளாஸ்தான் என்றார்கள்; பதின்மூன்று கிளாஸுக்குச் சமம் என்றார் நிபுணர். போதையில் இருக்கிறார், வண்டி ஓட்டப் போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரரும் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் சொன்னது. 1987-ல் சட்டமன்றம் இதற்கு வரம்பு கட்டி எழுதியது: விருந்தாளிக்குப் போதை ஏறியது வெளிப்படையாகத் தெரிந்தும் மேலும் ஊற்றினால் வீட்டுக்காரர் மேல் வழக்கு நிற்கும்.

இதை முதலில் படித்தபோது என்னை உலுக்கியது நஷ்டஈடு இல்லை, அந்தப் போன். அந்த மனிதரும் நம்மைப் போலத்தான், அக்கறை உள்ளவர். அந்த அக்கறை இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக வந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். "போற வழிக்கு ஒண்ணு" என்ற அந்த ரவுண்டை நிறுத்துவோம். வேண்டாம் என்கிறவனை "என்னடா, பொண்டாட்டிக்குப் பயமா" என்று கேலி செய்வதை நிறுத்துவோம். என் வீட்டில் அந்தக் கேலியை ஆரம்பித்தது பல தடவை நான்தான். சாப்பாட்டைப் பதினொன்றரைக்கு வைக்காமல் எட்டரைக்கு வைப்போம். வாட்ஸ்ஆப்பில் அழைப்பு அனுப்பும்போதே, யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுவோம். நான்கு மைல் ஊபர் காசை விருந்துச் செலவில் சேர்ப்போம், நெத்திலியை விடக் குறைவாகத்தான் ஆகும்.

அப்புறம், யாரும் பேசாத ஒன்று. நம் வீடுகளில் பாதிக்குப் பாதி, குடிக்காத மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் குடித்த கணவன் ஓட்டிக்கொண்டு போகிறான். ஏனென்றால் வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்ற முறையில், ஹெச்-4 விசாவில் வந்த அந்தப் பெண் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை, அல்லது எடுத்தும் ராத்திரியில் ஹைவேயில் ஓட்டிப் பழக அவளை யாரும் விடவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பதினேழு வயதோ அதற்குக் கீழோ உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு போதையில் ஓட்டினால் அதற்கென்று தனியாக இன்னொரு வழக்கு இருக்கிறது. அக்காமாரே, புதிதாக வந்த பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஆபீஸ் பார்க்கிங்கில் நான்கு வாரம் போதும். என் மனைவி இப்போது இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருத்தி, அந்தத் தம்பியின் மனைவி.

வரும் பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் விருந்து. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்திருப்பேன். வண்டிச் சாவியை அதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கிளம்பும்போது என்னிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால், மாடியில் மூன்று மெத்தை விரித்திருக்கும். காலை இட்லிக்கு மாவும் சேர்த்தே அரைத்து வைத்திருப்போம்.

அன்புடன்,
எடிசனிலிருந்து ஒரு விருந்துக்காரன்