எந்த எலி என்று பார்க்காமலே வைத்த மருந்து: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

அனுப்புநர்: ஒப்பந்த வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: எலி ஒழிப்புப் பணியில் குறைபாடு, வைத்த மருந்தை அகற்றுதல், பணம் திருப்பித் தருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டிலும் பின்னால் உள்ள காய்கறித் தோட்டத்திலும் எலித் தொல்லை தீர உங்கள் நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டினோம். ஐப்பசி மழை பிடித்ததும் எலி குளிருக்கு வீட்டுக்குள் ஒதுங்குவது இங்கே வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை கடையில் விற்கும் எலி பிஸ்கட்டை நம்ப வேண்டாம், தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடுவோம் என்று உங்களைக் கூப்பிட்டோம்.

வந்த பையன்கள் மரியாதையானவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த எலி என்று அவர்கள் பார்க்கவே இல்லை. மச்சில் ஓடுவது வேறு, தோட்டத்தில் தோண்டுவது வேறு. மச்சில் இருப்பது வீட்டு எலி. பெரிய காது, கூர்மூக்கு, உடம்பைவிட நீளமான வால். கம்பி மேலும் கொடி மேலும் சர்க்கஸ்காரன் மாதிரி நடக்கும். உருளைக்கிழங்குப் பாத்தியைக் குடைவது பெருச்சாளி. அதற்கு வால் குட்டை, மூஞ்சி மொண்ணை. வளை வாசலில் புது மண்ணைக் குவித்து வைக்கும், பல நேரம் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்ளும். புழுக்கையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: வீட்டு எலியுடையது ஒரு சென்டிமீட்டர் அளவில் இரு முனையும் கூராக இருக்கும், பெருச்சாளியுடையது அதைவிடப் பெரிது, சுண்டெலியுடையது அரிசியைவிடச் சிறிது. மச்சிலிருந்து ஒரு காகிதத்தில் புழுக்கையை எடுத்துவந்து காட்டினேன். "எல்லாத்துக்கும் ஒரே மருந்துதாங்க" என்று பதில் வந்தது.

அந்த ஒரே மருந்தை எப்படி வைத்தார்கள் என்று கேளுங்கள். தானியத்தில் கலந்த பச்சை மருந்தைக் காகிதத் தட்டுகளில் கொட்டி, பாத்தி ஓரத்தில் திறந்த வெளியில் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் உதிரித் தானியம் எத்தனை நேரம் தாங்கும்? மறுநாளே ஊறி, அப்புறம் பூசணம் பூத்தது. ஓடில்லா நத்தைகள் வந்து தின்றன, எலி சீந்தவில்லை. ஈரமான இடத்துக்கு மெழுகுக் கட்டி மருந்து இருக்கிறது, அதையும் எலி மட்டும் நுழையும் பூட்டுப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பெருச்சாளிக்கு முறையே வேறு. சாயங்காலம் எல்லா வளையையும் மண் போட்டு மூடி, காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது என்று அறிந்து, அந்த வளைக்குள் ஆழமாக மருந்தைத் தள்ளி மூட வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

சமையலறையில் வைத்த பசை அட்டையில் சிக்கியது ஒரு மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கடுகு போன்ற கண், பக்கத்தில் போனாலே வீசும் நெடி. விடியற்காலையில் கீச்சுக்குரல் கேட்டு விளக்கைப் போட்டால், ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு மூக்கை மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. சமையல் எண்ணெய் தடவித்தான் பிரித்தெடுத்தோம், பிழைக்கவில்லை. மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பானையும் புழு பூச்சியையும் தின்கிற பிராணி, மூட்டையைக் கடிக்காது. உங்கள் பணி அறிக்கையில் அதன் படத்தைப் போட்டு "பிடிபட்ட எலி: 1" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையாரே சாட்சிக்கு வந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். பசை அட்டை கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2020இல் மாநிலங்களுக்கு எழுதியது உங்களைப் போன்ற நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது.

எனக்குக் கோபம் வந்தது மச்சிலும் மருந்து வைத்த விஷயத்தில்தான். "தின்ன எலி தாகம் எடுத்து வெளியே போய்த்தான் சாகும், நாற்றமே வராதுங்க" என்று அடித்துச் சொன்னார்கள். அப்படி எந்த மருந்தும் கிடையாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தின்ற எலி சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும்; எங்கே படுத்திருக்கிறதோ அங்கேயே சாகும். இப்போது படுக்கையறைக்கு மேலே சீலிங் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒன்று செத்துக் கிடக்கிறது. பலகை இடுக்கில் நீல ஈ மொய்க்கிறது, நாங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். தொலைபேசியில் சொன்னால் "கற்பூரம் ஏத்துங்க" என்கிறார்கள். சாகும் முன் தள்ளாடும் எலியைக் கூகையோ மரநாயோ பிடித்தால் அதற்கும் அந்த விஷம் போகும். ராத்திரியில் எங்கள் எலிகளைச் சம்பளம் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கூகைதான்.

மருந்தின் பெயர் பில்லிலும் இல்லை, அறிக்கையிலும் இல்லை. கேட்டால் "பச்சை மருந்து" என்கிறார்கள். இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பக்கத்து வீட்டு நாய் எங்கள் தோட்டத்துக்குள் வந்து போகும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையான ப்ரோமடையலோன் என்றால் கால்நடை மருத்துவர் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும், நாளும் கொஞ்சம் கிடைக்கும். ஜிங்க் பாஸ்பைடு என்ற வேறு வகை எலி விஷம் என்றால் மாற்று மருந்தே கிடையாது, சில மணி நேரத்தில் ஆபத்து. எது என்று தெரியாமல் மருத்துவரிடம் என்ன சொல்வது? பேர் தெரியாத விஷத்தை ஒரு வீட்டுத் தோட்டத்தில் கொட்டிவிட்டுப் போக உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

ஒப்பந்தத்தில் "நுழைவழி அடைப்பு" என்று தனி வரியே இருக்கிறது, அதற்குத் தனித் தொகையும் போட்டிருக்கிறீர்கள். தகரத்தின் வளைவுகள் சுவர்மேல் உட்காரும் இடத்தில், இறவாரம் நெடுக, கட்டைவிரல் போகிற இடைவெளிகள் இருக்கின்றன. அரை அங்குலம் இருந்தால் எலி நுழையும், கால் அங்குலம் போதும் சுண்டெலிக்கு. அங்கே நுரையைப் பீய்ச்சி அடைத்திருக்கிறார்கள். மறுவாரமே கொறித்துக் கீழே தள்ளிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பல் வளர்கிற பிராணிக்கு நுரை ஒரு தடையா? கால் அங்குலக் கம்பி வலையும் சிமெண்டும் வைக்க வேண்டிய இடம் அது. மேரக்காய்ப் பந்தலின் கொடி இறவாரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதையும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அதுதான் எலிக்கு ஏணி. கொடியை நாங்களே வெட்டிவிட்டோம், அன்று முதல் மச்சில் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. மச்சுப் புழுக்கையை உங்கள் ஆட்கள் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, தூசியை எல்லாம் கீழே இறக்கியதையும் எழுதிவிடுகிறேன். பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்து, கையுறை போட்டு அள்ள வேண்டிய பொருள் அது. எலிக்காய்ச்சலுக்குப் பயப்படுகிற ஊர் இது.

இனி செய்ய வேண்டியது: செத்த எலியை எடுத்து அந்த இடத்தைக் கிருமிநீக்கம் செய்யுங்கள். தோட்டத்தில் மிச்சமுள்ள மருந்தையும் பசை அட்டைகளையும் முழுதாகப் பொறுக்கி எடுத்துப் போங்கள், குப்பைக்குழியில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. மருந்தின் பெயர், சதவீதம் இரண்டையும், 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி நீங்கள் பெற்ற உரிமத்தின் நகலையும் எழுத்தில் தாருங்கள். நுழைவழி அடைப்பைக் கம்பி வலை வைத்துப் புதிதாகச் செய்யுங்கள். செய்ய மனமில்லை என்றால் அந்தத் தொகையையும் மருந்துக்கு வாங்கியதையும் திருப்பிக் கொடுங்கள், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். உரிமம் பற்றி வேளாண்மைத் துறைக்கும் ஒரு நகல் போகும்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலையில் அனுப்புங்கள். மதியத்துக்கு மேல் பனி இறங்கித் தகரம் வழுக்கும், ஏற முடியாது. ஏணி எங்களிடம் இருக்கிறது. கையுறையும் முகமூடியும் அவர்களே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒப்பந்த வாடிக்கையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: பில் நகல், பணி அறிக்கை நகல், இறவாரம், தட்டு மருந்து, மூஞ்சூறு ஆகியவற்றின் படங்கள்.