ஒரு தடவை கேளுங்கள், தமிழில் கேளுங்கள்

மலையகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கிற பொலிஸ் உத்தியோகத்தர்கள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகங்களின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள், உளவளத்துணையாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்த் திரும்பி வந்த பிள்ளைகளை நீங்கள் விசாரிக்கிற விதம் பற்றித்தான் இந்தக் கடிதம், அப்படி வந்த ஒரு பிள்ளையின் கதையோடு. எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பிள்ளை யாரென்று பத்து நிமிசத்தில் பிடித்துவிடுவார்கள்.

பதினைந்து வயதில் கொழும்புப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள் அவள். கூட்டிப் போனவர் முறைக்கு மாமா. அம்மாவின் கையில் முற்பணமாகக் கொஞ்சம் காசு, தையல் படிக்க வைப்பதாக ஒரு வாக்கு, அவ்வளவுதான். ஒன்றரை வருசம் கழித்துத் திரும்பி வந்தாள். வாக்குமூலம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பாதியில் யாரோ ஒருவரின் போன் மேசையில் 'டிங் டாங்' என்று அடித்தது. பேசிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று எழும்பி, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவது பெல் அடித்துத்தான், பேர் சொல்லியல்ல. எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே "மரியாதை தெரிந்த பிள்ளை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் பிள்ளை ஒத்துழைக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

இந்தக் கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். கிராம உத்தியோகத்தர், பொலிஸில் இரண்டு பேர், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை, அப்புறம் விசாரிக்கிறோம் என்று வந்த இன்னொருவர், ஆக ஆறு. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறியது, உடனே "பொய் சொல்கிறாள்" என்று பேச்சு வந்தது. பயத்தில் கிடந்த மனசு நடந்ததை நாள் கணக்கில் அடுக்கி வைத்துக்கொள்வதில்லை, ஐயா. தரை துடைக்கிற மருந்தின் மணம் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, எந்த மாதம் அடித்தார்கள் என்று கேட்டால் தெரியவில்லை. மனவடு என்பது இப்படித்தான் இருக்கும். சில பிள்ளைகள் சொல்லும்போது சிரிப்பார்கள், சில பிள்ளைகள் மரக்கட்டை மாதிரி இருப்பார்கள், சில பிள்ளைகள் அந்த வீட்டு நோனா நல்லவர் என்றுகூடச் சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

பிள்ளை சொல்வதை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாகப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க சாட்சியச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏன் கிடைப்பதில்லை?

மொழி விசயம் தனி. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல், 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு மொழிபெயர்த்தது எங்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரத் தம்பி. அவரும் அதே தோட்டம். உடம்பில் எங்கே கை வைத்தார்கள் என்று ஒரு பிள்ளை அவர் முன்னால் எப்படிச் சொல்லும்? சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள், என்ன எழுதியிருந்தது என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது.

அம்மாவையும் ஒருவர் ஏசினார், "நீங்கள்தானே அனுப்பினீர்கள்" என்று. சரி, அனுப்பினார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற இடத்தில் வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் எடுத்த முடிவு அது, நல்ல முடிவு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை உழைப்புச் சுரண்டலுக்காகக் கூட்டிப் போனால், பிள்ளையோ பெற்றோரோ சம்மதித்தார்கள் என்பது கணக்கில் வராது. ஆட்கடத்தலுக்கு எதிரான பலேர்மோ நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது, இலங்கை 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. அம்மாவைக் குற்றவாளி மாதிரி நிறுத்தினால் அடுத்த லயத்து அம்மா வாயைத் திறக்க மாட்டாள், அந்த மாமா மட்டும் நிம்மதியாகத் திரிவார். இப்போதும் திரிகிறார்.

இன்னொன்று, தயவுசெய்து ஜீப்பை லயத்து வாசலுக்குக் கொண்டு வராதீர்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு பத்துக் காம்பரா இருக்கிற இடம், பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். நீங்கள் வந்து போன அன்று சாயங்காலமே அவளுக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். பாடசாலைக்கு வாருங்கள், எங்கள் நூலகம் சும்மாதான் கிடக்கிறது. கதவைத் திறந்து வைத்து, அவளைக் கதவுப் பக்கம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

பொடியன்களையும் மறக்காதீர்கள். கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போய் ராத்திரி பத்து மணி வரை நின்று, காசில்லாமல் திரும்பி வருகிற பொடியனை "வேலை பிடிக்காமல் ஓடி வந்தவன்" என்கிறோம், அவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்தபோது ஹட்டனிலும் கொழும்பிலும் வீதிக்கு இறங்கினோம். உயிரோடு திரும்பி வருகிறவர்களுக்கு யார் இறங்கினோம்? நானும் இறங்கவில்லை.

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் முறைப்பாடு போகிறது, நல்லது. அதற்குப் பிறகு வருகிற மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரே உளவளத்துணையாளர், தமிழ் பேசுகிறவர், மாதத்தில் இரண்டு தடவையாவது, ஒரு வருசத்துக்கு. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுக்கு அடுத்த மாதம் நீதிமன்றத் தவணை. "அன்றைக்கும் அந்த ஆட்டோ அண்ணன் வருவாரா டீச்சர்?" என்று நேற்றுக் கேட்டாள். மொழிபெயர்க்கப் போவது யார் என்று முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். பெண்ணாக இருந்தால் நல்லது, வேறு தோட்டத்து ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி