அம்மாவுக்கு, அழகர் வராத வருஷத்தைப் பற்றி

அம்மா,

சொம்பை நேற்று பரணிலிருந்து இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்ததில் கழுத்து பளிச்சென்று வந்துவிட்டது, அடியில் மட்டும் கறுப்பு போகவில்லை. இந்த வருஷம் ஆற்றுக்குப் போகிறேன். 2022-ல் அழகர் மறுபடி வைகையில் இறங்கியபோது ஊரே போனது, நான் வீட்டில் கிடந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

2020 மே 4, கொரோனா ஊரடங்கில் மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பேத்தியின் போனில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். அதோடு மனசு ஆறிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரமே பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்கியிருக்க வேண்டிய நாள். விடியக்காலம் நாலு மணி இருக்கும், கிரில் கேட்டை யாரோ ஆட்டுகிற சத்தம். குளித்து, மாம்பழக் கலர் சுங்குடி கட்டிக்கொண்டு நிற்கிறாய். சொம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, வாய்க்கு வாழை இலை கட்டி, மேலே சூடம்கூட வைத்தாயிற்று.

"அழகரே வரல, நீ எங்கம்மா கிளம்பிட்ட?"

"அவரு வராட்டிப் போறாரு. ஆறு அங்கதான இருக்கு. சாவியக் குடு."

கத்தினேன். எதிர் வீட்டில் லைட் எரிந்ததும் இன்னும் சத்தமாகக் கத்தினேன். நீ பதில் பேசவில்லை. சொம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். விடிந்து பார்த்தால் இலைக் கட்டுக்குள் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

மன்னித்துக்கொள். ஆனால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்போதும் ஊரடங்கு, ஜூன் 24-லிருந்து மறுபடியும் மதுரையே மூடிக் கிடந்தது. நம் தெருவிலேயே ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள், ஜன்னலில் நின்று நீயும்தான் பார்த்தாய். உனக்கு எழுபத்து நாலு வயசு, சர்க்கரை வேறு. அண்ணன் இதைப் படிப்பான், அதனால் அவன் போனில் சொன்னதை இங்கே எழுதவில்லை.

அப்புறம் நீ சாவியே கேட்கவில்லை. தினம் சாயங்காலம் மீனாட்சி கோயில் ஆடி வீதி வரை நடந்துபோய் உன் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வந்த கால், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் நடந்தது. அவர்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தால், "போன்ல என்னத்தப் பேசுறது, ஒக்காந்தாத்தான் பேச்சு வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாய். செப்டம்பர் 1 கோயில் திறந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று அரசாங்கம் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது, சத்தியமாக. வாசலில் இருக்கிற மூன்று படியை இறங்கவே அதற்குள் உன்னால் முடியாமல் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கொரோனா உன்னைத் தொடவே இல்லை. மார்கழியில் நீ போன அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டெஸ்ட் நெகட்டிவ், டெஸ்ட் நெகட்டிவ் என்று.

"எம் மக என்னை ஜெயில்ல வச்சிருக்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாயாமே. என்னிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, நகம் வெட்டிவிட்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தவள் நான். அதை யாரிடமாவது சொன்னாயா?

சரி, விடு. சர்க்கரை அரைக் கிலோ வாங்கினேன், சொம்பு முக்கால்தான் நிறைந்தது. கடை மூடுவதற்குள் போய் இன்னும் கொஞ்சம் வாங்கி வர வேண்டும்.