நான் போட்ட கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்ததால் எழுத முடியவில்லை. இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டுச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. பேரன் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறி ராமேஸ்வரம் போய்வர வேண்டும் என்று ஒரே அடம்.

கடலரிப்பு பற்றிய கூட்டத்தில் நம் ஊர்க்காரர்களையே எதிர்த்துப் பேசினேனாமே, உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். ஆனால் உனக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நம் கரையை அலை அரித்தபோது தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் தடுப்பு, கேட்டு ஊரே மனு கொடுத்தது. மனுவை எழுதியதும் நான், முதல் கையெழுத்தும் என்னுடையது. கல் வந்தது, கொட்டினார்கள், கரை நின்றது. மேற்குப் பக்கம் மணல் மேடிட்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு இடம் வந்துவிட்டது. எனக்கு மாலையே போட்டார்கள்.

மறு வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முடியும்போது கிழக்கு ஊரில் இருந்து மகள் போன் செய்தாள். சம்பந்தி வீட்டார் கரைவலை காயப்போடுகிற திடல் பாதி போய்விட்டது என்றாள். அதற்கடுத்த வருடம் மீதியும் போனது. இப்போது அங்கே வலை இழுக்கக் கால் ஊன்ற மணல் இல்லை. சம்பந்தி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உனக்குத் தெரியாததில்லை, நம் தென்கடலான மன்னார் வளைகுடாக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. கச்சானில் கிழக்கே ஓடும், வடகிழக்கு வாடைக் காற்றில் மேற்கே திரும்பும். நடுவில் கல்லை நீட்டினால் வருகிற மணல் கல்லுக்கு இந்தப் பக்கம் தங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கடலோ பசியோடு இருக்கும், கரையைத்தான் தின்னும். அப்புறம் அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். அதற்கடுத்த ஊரும் கேட்கும். இப்போது கிழக்கு ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், நம் ஊரில் அதை ஆதரிக்கிறார்கள். நான் எழுந்து வேண்டாம் என்றேன். “உனக்குக் கிடைத்தது, அவர்களுக்கு வேண்டாமா” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-லேயே வந்தது. 2011-ல் திருத்தி எழுதினார்கள், 2019-ல் மறுபடியும் மாற்றினார்கள். கட்டடம் கூடாத 200 மீட்டர், நெரிசலான ஊர்களுக்கு 50 மீட்டராகச் சுருங்கியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் நெரிசல் என்று கணக்கு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிகளின் ஓரத்தில் 100 மீட்டராக இருந்தது 50 ஆனது. கடல் ஏற்றம் வந்தால் கழித் தண்ணீர் எதுவரை ஏறும் என்று நம் ஊர்ச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், 50 மீட்டர் எந்த மூலைக்கு? ஆனால் அரிப்பைத் தடுக்கும் வேலை இந்தத் தடையில் வராது. ஆய்வு செய்துவிட்டுக் கட்டலாம். அந்த ஆய்வு எந்த ஊர் எல்லை வரை போக வேண்டும் என்பதில்தான் என் சண்டை. நம் ஊர்க் கோப்பில் கிழக்கு ஊரின் பெயரே கிடையாது, மாப்பிள்ளை. நானே புரட்டிப் பார்த்தேன். கல் போடுவதற்கு முன் இரண்டு பக்கத்து ஊர்களின் கிராம சபையிலும் கேட்க வேண்டும், இரண்டு காற்றுக் காலமும் மணலை அளந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அதற்கே “வாத்தியாருக்கு வயசாகிவிட்டது” என்றார்கள்.

கடலில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நாம் பார்க்காததா? நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வந்து இறங்கும், சுண்ணாம்புக் காளவாசலுக்கு. கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்புகூட அதுதானே. 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2001-ல் பவளத்தை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் பார் என்கிற பவளத் திட்டை எவ்வளவோ வெட்டியாகிவிட்டது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையை முதலில் வாங்கிக்கொள்வது பார்தான், அடுத்து தீவு, அதற்கப்புறம்தான் நம் கரை. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவைக் காப்பாற்றச் சிமெண்டில் பார் செய்து கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். வெட்டி எடுத்ததைச் சிமெண்டாகத் திருப்பித் தருகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ மதுரையில் பாலத்தில் நின்று பார்க்கிற வைகையும் இந்தக் கணக்கில் வரும். அது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைந்து, மிஞ்சினால் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் வடகடலில், அதாவது பாக் நீரிணையில், விழ வேண்டும். மிஞ்சுகிற வருடம் எத்தனை? 1959-ல் வைகை அணை, வழி நெடுகக் கண்மாய், ஆற்றுக்குள் மணல் அள்ளிய குழி. வண்டலும் நன்னீரும் கடலுக்கு வந்தால்தான் கழியில் இறால் குஞ்சு தங்கும். ஆனால் தண்ணீரைக் கடலுக்கு விடு என்று நம் ஜில்லாவில் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? கண்மாய் நிறையாவிட்டால் நெல் இல்லை. இதில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே பிடிபடவில்லை. நீ கணக்குப் படித்தவன், யோசித்து எழுது.

சரி, ஒரு உதவி வேண்டும். பதினொன்றாம் வகுப்பு லீவில் கிழக்கு ஊர்க் கொடியேற்றத்துக்குப் போய், அந்த இரட்டைப் பனைக்குக் கீழே நாம் நால்வரும் படம் எடுத்துக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? என் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. உன்னிடம் கட்டாயம் இருக்கும், நீ எதையும் தூக்கிப் போடாதவன். படத்தில் பனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வள்ளம் ஏற்றிவைத்திருந்தார்கள், அதற்கப்பாலும் மணல் கிடந்தது. பனை இரண்டில் ஒன்று போன வாடையில் சாய்ந்துவிட்டது. இன்னொன்றின் வேர் வெளியே தெரிகிறது. அடுத்த மாதம் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். கரை எங்கே இருந்தது என்று கேட்டால் காட்ட எங்களிடம் வேறு எதுவும் இல்லை. தபாலில் போடாதே, நேரில் கொண்டு வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்