இயற்பியல் புத்தகம்

அன்புள்ள முத்துவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இந்த வாரம் மில்லில் நைட் ஷிப்ட். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஹாஸ்டலில் கொடுக்கிற முட்டையை ஒதுக்காதே.

மூன்று வாரமாக உன் போன் இல்லை. ஹாக்கி பிராக்டிஸ் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் கிளாஸ் சார் கூப்பிட்டார். சும்மாதான் பேசினோம். அரைப்பரீட்சை பற்றி நான் கேட்கவில்லை. உன் இயற்பியல் புத்தகம் மட்டும் இங்கே பீரோ மேல் இருக்கிறது. இன்னும் புதுசு வாசம் போகவில்லை. பக்கத்தில் நீ கழற்றிப் போட்ட ஸ்டிக் கிரிப், வியர்வையில் கறுத்து, கட்டைவிரல் பட்ட இடம் தேய்ந்து கிடக்கிறது.

பெனால்டி கார்னரில் நீ அடித்த கோலை மில் முழுக்கச் சொல்லிவிட்டேன். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் பழகிய கோவில்பட்டியில் நீயும் ஆடுகிறாய். ஆனால் அம்பயரிடம் வாய் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்கினாயே, நீ வெளியே உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில்தான் உங்கள் பக்கம் கோல் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே வந்த பிறகு யாருக்கும் பாஸ் கொடுக்கவில்லையே, ஏன்? கோல்கீப்பர் பையனிடம் அப்புறம் பேசினாயா? பேசிவிடு.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங்குக்கு 500 இடம் இருக்கிறது. பிளஸ் டூ பாஸ் ஆகாமல் எந்த இடமும் இல்லை. இயற்பியலில் பாஸ் ஆகத் தியரியில் 70-க்கு 15, எல்லாம் சேர்த்து 100-க்கு 35 வேண்டும். தெரியாததைச் சாரிடம் கேள். கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

தாத்தா என்னைப் படிக்க விடவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன் இல்லையா? அது பொய். அந்த வருஷம் பூராவும் கபடி என்று ஊர் ஊராகத் திரிந்தேன். பத்தாவது கணக்குப் பரீட்சை அன்றைக்கு, ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்க, பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் கேட்டது. எழுந்திருக்கவில்லை. ஒன்றும் தெரியாது என்று ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சை எழுதிவிட்டேன் என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் போன பிறகும் பழியை அவர் மேலேயே போட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். எதையும் விசாரிக்க வரவில்லை. அம்மா சீடை தந்துவிடுகிறாள், ரூம் பையன்களுக்கும் சேர்த்து. கோல்கீப்பர் பையனுக்கு மட்டும் நீயே உன் கையால் கொடு.

அப்பா