எங்கள் சாரணர் குழுவின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சாரண ஆசிரியர்களே, பெற்றோர்களே, சீருடையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரணர்களே, சாரணியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குழு செய்த பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வாராந்தரக் கூட்டங்கள், தேர்வு பெற்றவர்களின் பெயர்கள் ஆகியவை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றை இங்கே திரும்பப் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், இந்த முறை அணித்தலைவர்களை, அதாவது ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளை நடத்தும் பிள்ளைகளைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன். இந்த ஆண்டு நமக்கு நடந்த நல்லவற்றில் பெரும்பங்கு அவர்களால் நடந்தது.

அணிகள்

நம்முடையது எந்தப் பள்ளியையும் சேராத திறந்த குழு. ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலிருந்தும், திருவானைக்காவலிலிருந்தும், கொள்ளிடக் கரையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று எல்லாம் உண்டு. ஆனால் சில ஆண்டுகளாக ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே அணியில் சேர்ந்துகொள்ளும் வழக்கம் வந்துவிட்டிருந்தது. மயில் அணி என்றால் இந்தப் பள்ளி, புலி அணி என்றால் அந்தப் பள்ளி என்று ஆகிவிட்டது. விளையாட்டில் தோற்றால் அது பள்ளிச் சண்டையாக மாறியது.

ஜூன் மாதம் அணித்தலைவர்களின் அவையான கோர்ட் ஆஃப் ஆனர் கூடியபோது, இதை மாற்ற வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர் யானை அணித்தலைவர். அணிகளைக் கலைத்து, வயதும் பள்ளியும் கலந்து புதிதாக அமைப்பது என்று அணித்தலைவர்களே முடிவெடுத்தார்கள். சாரண ஆசிரியர் அந்த அவையில் ஆலோசகராக மட்டுமே உட்கார்ந்திருந்தார். 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன்-பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோது, வசதியான பள்ளிகளில் படித்த பையன்களையும் உழைக்கும் குடும்பத்துப் பையன்களையும் கலந்துதான் ஓநாய், காளை, கர்லூ பறவை, அண்டங்காக்கை என்று நான்கு அணிகள் அமைத்தார். நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வரவில்லை. தங்கள் தொல்லையிலிருந்து வழி தேடி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி.

இதையொட்டி ஒரு சாரணனின் பெற்றோர் நம் பெற்றோர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். தம் மகன் சாரணர் பயிற்சியின் மூன்றாம் படியான திரிதிய சோபான் முடித்தவன், திறமைச் சின்னங்கள் அதிகம் வாங்கியவன், அவனுக்கு ஏன் அணித்தலைவர் பொறுப்பு தரவில்லை என்று கேட்டிருந்தார். அவர் மனவருத்தம் புரிகிறது. செயற்குழு அதை விரிவாகப் பேசியது. அணித்தலைவரைத் தேர்ந்தெடுப்பது அணியும் கோர்ட் ஆஃப் ஆனரும் சாரண ஆசிரியரும் சேர்ந்து செய்யும் வேலை, பெற்றோர் சங்கம் அதில் தலையிடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். சின்னம் வாங்குவது அந்தப் பையனின் உழைப்பு. அதற்கான மதிப்பு அவன் சட்டைக் கையிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. முகாமில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார், கூட்டத்துக்கு வராத பையனின் வீட்டுக்குச் சைக்கிளில் போய் விசாரிப்பது யார் என்பது அணியில் உள்ள அந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும்.

கயிறு, கழி, கூடாரம்

இந்த ஆண்டு நம் சாமான் அறையைப் பார்த்தவர்களுக்கு மாற்றம் தெரிந்திருக்கும். முன்பு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். முகாமுக்கு முதல்நாள் ஆளாளுக்கு ஓடி ஒரு கயிற்றைத் தேடுவார்கள். இப்போது அணிக்கு ஒரு மரப்பெட்டி. அதில் கட்டுக் கயிறுகள், கொட்டாப்புளி, கூடார முளைகள், அரிவாள், முதலுதவிப் பை, இரண்டு பாத்திரங்கள், ஒரு கரண்டி. பெட்டியின் மூடிக்குள் பட்டியல் ஒட்டியிருக்கிறது. சாவி அணித்தலைவரிடம். முகாம் முடிந்து திரும்பியதும், உதவி அணித்தலைவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே வீட்டுக்குப் போகலாம்.

கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீடித்து உழைக்கும், விலையும் குறைவு என்று சென்ற ஆண்டு நைலான் கயிறு வாங்கினோம். மூங்கிலில் அது நிற்கவில்லை. இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சேர்க்கும் சதுரக் கட்டு போடும்போது கிளவ் ஹிட்ச் என்ற முடிச்சில் ஆரம்பித்து, மூன்று சுற்று சுற்றி, இரண்டு கம்புகளுக்கும் இடையே இரண்டு முறை குறுக்கே இழுத்து இறுக்கி, மறுபடி கிளவ் ஹிட்ச்சில் முடிக்கிறோம். அந்தக் குறுக்கு இறுக்கில்தான் கட்டின் பலமே இருக்கிறது. வழவழப்பான நைலான் அங்கே நழுவுகிறது. பாத்திர மேடை ஒரு மணி நேரத்தில் சாய்ந்துவிடும். அதனால் கட்டுவேலைக்கு மறுபடியும் தென்னை நார்க் கயிற்றுக்கே வந்தோம். கோயில் விழாக்களுக்குப் பந்தல் போடும் ஒரு பெரியவரை நம் சாரண ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார். சவுக்குக் கம்பில் நார்க் கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும், கட்டுவதற்கு முன் நனைத்து இளக்கிக்கொள்வது எதற்கு, கையால் மட்டும் இழுக்காமல் உடல் எடையைக் கொடுத்து எப்படி இறுக்குவது என்று அவர் செய்து காட்டினார். அவர் அதற்கெல்லாம் பெயர் சொல்லவில்லை. ஆனால் பையன்கள் புத்தகத்தில் படித்த அதே கட்டுகளை அவர் கையில் பார்த்தார்கள். அவருக்கு இந்தச் சங்கத்தின் நன்றி.

நைலானை வீசி எறியவில்லை. துணி உலர்த்தவும், எல்லை கட்டவும் வைத்திருக்கிறோம். கயிறுகளின் நுனி பிரியாமல் நூல் சுற்றி முடியும் வேலையைச் சிறுவர் பிரிவான குருளையர் படையிலிருந்து புதிதாக மேலே வந்த பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். படைக்குள் வந்ததும் அவர்கள் கைக்கு வரும் முதல் பொறுப்பு அது.

கூடாரங்களில் பழைய கித்தான் கூடாரங்களை விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கனம் அதிகம், ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கிறது என்பதெல்லாம் உண்மை. நடைப்பயணத்துக்குப் புதிய குவிமாடக் கூடாரங்கள் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் ஒரு முழு அணியும் ஒன்றாகத் தூங்க, மழையில் ஒன்றாக உட்கார்ந்து பேச, கித்தான் கூடாரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் அதை ஏற்று, கிழிந்தவற்றைத் தைக்கக் கொடுத்திருக்கிறது.

பச்சைமலை

காலாண்டு விடுமுறையில் பச்சைமலையில் முகாம் நடந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தணலில் சுட்டுச் சாப்பிட்டது, வெளிப்புறம் மண் பூசிய பாத்திரத்தில் சாம்பார் வைத்தது பற்றியெல்லாம் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டாம் நாள் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

நள்ளிரவுக்கு மேல் காற்று மாறி, தூறல் விழ ஆரம்பித்தது. ஆசிரியர்கள் எழுந்து டார்ச்சைத் தேடி வெளியே வருவதற்குள் கழுகு அணித்தலைவர், பத்தாம் வகுப்புப் பையன், தன் கூடாரத்தை விட்டு வெளியே நின்றிருந்தான். கித்தான் கூடாரங்களின் நூல் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு போனான். நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். இறுக்கமாகக் கட்டியிருந்தால் முளையைப் பிடுங்கிவிடும், இல்லையேல் துணியைக் கிழிக்கும். புதிய கூடாரங்களின் நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், அதனால் அவற்றை மட்டும் இழுத்துக் கட்டினான். தன் அணியின் கூடாரத்தை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். நான்கு அணிக்கும் செய்தான். உள்ளே தூங்கிய சின்னப் பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. காலையில் கோர்ட் ஆஃப் ஆனரில் அவன் இதைச் சொல்லவுமில்லை. சாரண ஆசிரியர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பையன் இப்போது முன்வரிசையில் இருக்கிறான். இந்தச் சபையின் முன் அவனைப் பாராட்டுவதில் பெருமைப்படுகிறேன்.

மரபுகள்

நவம்பர் 7 அன்று இயக்க நிறுவன நாளைக் கொண்டாடினோம். 1950-ல் அதே நாளில்தான் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. மூத்த இளைஞர் பிரிவைச் சேர்ந்த நம் திரிசாரணர் ஒருவர் அன்று பேசியது பலருக்குப் புதிய செய்தி. நம் நாட்டில் சாரணியம் தொடங்கியபோது இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டினார்கள், நம் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள். நமக்கு வந்திருப்பது அந்த வழியும் சேர்ந்த மரபு. இதைக் கேட்ட பிறகு, முகாம்தீயில் தமிழ்ப் பாட்டும் கும்மியும் வில்லுப்பாட்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அணித்தலைவர்கள் கேட்டார்கள். பச்சைமலையில் எடுத்து வைத்த சாம்பலை ஒரு டப்பாவில் போட்டு அடுத்த முகாம்தீயில் கலக்கும் வழக்கத்தையும் அவர்களே ஆரம்பித்திருக்கிறார்கள். உலகில் பல படைகளில் உள்ள வழக்கம் இது.

சின்னம் சூட்டு விழா இம்முறையும் குதிரைலாட வடிவில் நின்று எளிமையாக நடந்தது. விழாவுக்கு மேடையும் சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். என் பணிவான வேண்டுகோள், அதை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று விரல் உயர்த்தி உறுதிமொழி சொல்லும் பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே அவன் அணித்தலைவர் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு இடது கையை நீட்டிக் கைகுலுக்குவது முதலில் அந்த அணித்தலைவராகவே இருக்க வேண்டும்.

ஸ்கார்ஃப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை முகம் துடைக்கவும் பெஞ்சு துடைக்கவும் பயன்படுத்தும் பழக்கம் போக வேண்டும் என்று குருளையர் தலைவி பலமுறை சொல்லிவிட்டார். அது முக்கோணக் கட்டுத்துணியும் கூட. ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறந்த பிறகு, வரிசையில் நின்ற ஒரு பாட்டி தடுமாறிக் கையை ஊன்றி விழுந்தார். நம் மயில் அணிப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் ஸ்கார்ஃபைக் கழற்றி, ஒன்றை மடித்து மணிக்கட்டுக்கு ஆதாரமாகவும், இன்னொன்றைத் தூளியாகவும் கட்டி, கூட்டத்தில் வழி கேட்டு அவரை முதலுதவி நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் கொடுப்பது, தொலைந்த குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பது என்று அன்று விடியற்காலை முதல் எல்லா அணிகளும் நின்றன.

மணப்பாறை

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்த வைரவிழா ஜாம்பூரி என்ற சாரணர் பெருமுகாம் நம் மாவட்டத்துக்கே கிடைத்த வாய்ப்பு. பல மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். நம் பிள்ளைகள் மூங்கிலும் நார்க் கயிறும் மட்டும் வைத்து, ஓர் ஆணி அடிக்காமல், கூடாரப் பகுதிக்கு நுழைவாயில் கட்டினார்கள். கடைசி நாளில் பிரிக்கும்போது அணித்தலைவர்கள் ஒரு கயிறையும் வெட்ட விடவில்லை. முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தார்கள். மொழி தெரியாத பிள்ளைகளோடு சின்னமும் ஸ்கார்ஃபும் மாற்றிக்கொண்டதைப் பற்றிக் கேட்டால் அவர்கள் ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

தலைவர்கள்

நம் சாரண ஆசிரியர் இந்த ஆண்டு தலைவர்களுக்கான உயர்பயிற்சியை முடித்து ஹிமாலயா உட்பேட்ஜ் பெற்றார். அவர் கழுத்தில் தொங்கும் இரண்டு மரமணிகள் 1919-ல் கில்வெல் பூங்காவில் நடந்த முதல் பயிற்சியிலிருந்து வரும் அடையாளம். அவருக்கு வாழ்த்துகள். மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குச் சென்ற பிள்ளைகளை அவர் வேலைநாள் மாலைகளிலும் வந்து தயார்செய்தார்.

கவலை தரும் விஷயம் சாரணியர் படை. அதன் தலைவி பணிமாற்றத்தில் வெளியூர் போனபிறகு அந்த இடம் காலியாக இருக்கிறது. பொறுப்பேற்கப் பெண் தலைவர் இல்லாமல் சாரணியரை இரவு முகாமுக்கு அழைத்துச் செல்ல முடியாது. அதனால் பச்சைமலைக்கு அவர்கள் வரவில்லை. தம்பிகள் மலைக்குப் போய்வந்து கதை சொல்ல, அக்காக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதை மறுபடி நடக்க விடக் கூடாது. மணப்பாறைக்கு ஓர் அம்மா ஒரு வாரம் விடுப்பெடுத்துத் துணைக்கு வந்ததால் மட்டுமே அவர்களால் போக முடிந்தது.

பொறுப்பேற்க முன்வரும் பெண்களுக்கு அடிப்படைப் பயிற்சி ஏழு நாள். பயிற்சிக் கட்டணம், பயணச் செலவு, சீருடை மூன்றையும் சங்கமே ஏற்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. முன்னாள் சாரணியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முடிச்சு போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாரணியர் அணித்தலைவிகளே கற்றுத் தருவார்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் அவர்கள் ஒரு நோட்டோடு நிற்பார்கள். அம்மாக்கள், அக்காக்கள், கல்லூரியில் படிக்கும் பெண்கள் யாராயினும் உங்கள் பெயரை அவர்களிடம் கொடுங்கள்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமைகளை நமக்காகக் கொடுத்த ஆசிரியர்கள் அனைவருக்கும் நன்றி. இந்த ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்