விளாம்பழத்தில் விதை எடுக்கச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வந்த இதழில் ‘நாம் மறந்த பழங்கள்’ கட்டுரை படித்தேன். “விளாம்பழத்தின் விதைகளை நீக்கிவிட்டு, சதையை மிக்ஸியில் அடித்து...” என்று ஒரு வரி. எழுதியவர் ஒரே ஒரு பழத்தில் அதைச் செய்து காட்டட்டும். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டால் நானே வந்து மாலை போடுகிறேன். சதை முழுக்க விதை விரவிக் கிடக்கிற பழம் ஐயா அது. விதையோடுதான் தின்போம்.

சரி, படமாவது பார்ப்போம் என்றால், போட்டிருப்பது வில்வக்காய். மொழுமொழுவென்று பச்சை ஓடு, பக்கத்தில் மூன்று மூன்றாக இலை. விளா ஓடு சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததா? போன கோடையில் களாக்காய் என்று போட்டு நாவல்பழப் படம் வந்தபோதும் எழுதினேன். பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து விற்றவர். விளாம்பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டுவார். உள்ளே கடகடவென்று உருண்டால் பழம். சத்தமே இல்லையென்றால் காய், துவையலுக்கு. பழத்தைக் கல்லில் தட்டி உடைத்து, ஓட்டுக்குள்ளேயே வெல்லத்தை நுணுக்கிப் போட்டு, குச்சியால் குழப்பிக் கையில் தருவார். மிக்ஸியும் கிடையாது, தட்டும் கிடையாது. இலந்தைப்பழத்தை மிளகாய் வற்றல், புளி, உப்பு, வெல்லத்தோடு இடித்துத் தட்டிக் காயவைத்த வடைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். ‘சுகாதாரக் கேடு’ என்று கூடையோடு விரட்டினார் ஒரு தலைமையாசிரியர். இன்று அதே வாசலில் கலர் கலராக ஐஸ் விற்கிறது. யாருக்கும் கேடில்லை போலும்.

விளாவுக்கு நாலு வரி கொடுத்த நீங்கள் டிராகன் பழத்துக்கு வண்ணத்தில் முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். 2021-இல் குஜராத் அரசு அதற்குக் ‘கமலம்’ என்று பெயர் சூட்டிய கதை வேறு. அயலூர்ப் பழத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. கொடுக்காப்புளியே மெக்சிகோ பக்கமிருந்து வந்து நம் வேலியில் நின்றதுதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அதில் பி.கே.எம். 1 என்று ரகமே வெளியிட்டிருக்கிறது. தோல் சிவந்து வெடித்த சுருளாகப் பார்த்து வாங்கினால் துவர்ப்பு தெரியாது என்று ஒரு வரி எழுத இடமில்லாமல் போயிற்றா?

பனம்பழத்தைப் பற்றி மூச்சே இல்லை. மாநில மரத்தின் பழம்! ஆடி, ஆவணியில் விழுவதை அனலில் சுட்டு நாரைச் சப்பினால் அன்று முழுக்கக் கை மணக்கும். கொட்டையைப் புதைத்து வைத்தால் தைக்குக் கிழங்கு.

எங்கள் கண்மாய்க்கரை விளாமரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டியபோது தங்களுக்குச் செய்தி அனுப்பினேன். போடவில்லை. இப்போது ‘நாம் மறந்த’ என்கிறீர்கள். அந்த ‘நாமில்’ என்னைச் சேர்க்க வேண்டாம்.

அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டு, விதையோடு சாப்பிடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிள்ளையாருக்கு வைக்க வில்வக்காயை வாங்கி வந்து நிற்கும் இளசுகளுக்கு உதவும். படம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் மகன் போனில் எடுத்து அனுப்புவான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
விருதுநகர் மாவட்டம்.